பதினேழாவது பெயர்: காசல்மெயின் தங்கவயல் நடையில் ஒருவர் தவறிப்போன நிகழ்வின் ஆய்வு

கடந்த ஜூலை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், காசல்மெயின் நகரிலிருந்து ஃப்ரையர்ஸ்டவுன் நோக்கி 17 பேர் நடந்தோம். பிற்பகல் 2.10 மணிக்கு ஒரு தடப்பிரிவில் நின்று தலைகளை எண்ணினேன். 16 வந்தது. கையில் இருந்த பட்டியலிலும் 16 பெயர்கள். கணக்குச் சரியாக இருந்ததால் மேட்டில் ஏறத் தொடங்கினேன். பதினேழாவது மனிதர் எங்களுக்குச் சற்றுப் பின்னால் வந்து, நாங்கள் திரும்பிய இடத்தில் திரும்பாமல், ஒரு பழைய நீர்வாய்க்காலின் கரையோடு தனியாகப் போய்க்கொண்டிருந்தார்.

அன்று நடையை நடத்தியவன் நான். அவரை மாலை 4.05 மணிக்கு நலமாகக் கண்டுபிடித்தோம். சிறு கீறல்கூட இல்லை. ஆனாலும் இதை விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் அன்று நாங்கள் செய்த எதுவும் அந்த நேரத்தில் தவறாகத் தெரியவில்லை. அந்தந்தக் கணத்தில் எல்லாம் ஒழுங்காகவே பட்டது.

எங்களுடையது மெல்பர்னில் வாழும் சில தமிழ்க் குடும்பங்களின் நடைக்குழு. மாதத்துக்கு ஒரு ஞாயிறு, ஓடையும் காடும் உள்ள இடமாகப் பார்த்துப் போவோம். காசல்மெயின் மெல்பர்னுக்கு வடமேற்கே ஏறக்குறைய 120 கிலோமீட்டர். ரயிலில் ஒன்றரை மணி நேரம். பல்லாரட்டிலிருந்து பெண்டிகோ வரை 210 கிலோமீட்டர் நீளும் தங்கவயல் நடைத்தடம் இந்த ஊர் வழியாகப் போகிறது. நாங்கள் எடுத்துக்கொண்டது அதன் ஒரு சிறு பகுதி. ஓய்வுகள் போக ஐந்து மணி நேர நடை. மறுமுனையில் வண்டிகளை முன்கூட்டியே நிறுத்தி வைத்திருந்தோம்.

வெள்ளிக்கிழமை இரவு வரை பெயர் கொடுத்தவர்கள் 16 பேர். ஞாயிறு காலை ரயில் நிலையத்தில் ஒரு தோழி தன் தந்தையோடு வந்து நின்றார். இந்தியாவிலிருந்து மகள் வீட்டுக்கு மூன்று மாத விசாவில் வந்திருந்தவர். வயது 66. “வீட்டிலேயே உட்கார்ந்து அப்பாவுக்கு அலுத்துவிட்டது அண்ணா, கூட்டி வரலாமா?” என்று கேட்டார். தாராளமாக வரட்டும் என்றேன். அவர் கோலார் தங்கவயல்காரர், மாரிக்குப்பத்தில் பிறந்தவர்; 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடும் நாள்வரை உள்ளே மரமுட்டுக் கொடுக்கும் வேலை பார்த்தவர். தங்கம் எடுத்த நிலத்தைப் பார்க்க அவரைவிடப் பொருத்தமானவர் எங்களில் யார்? மகிழ்ச்சியோடு கைகுலுக்கினேன். அந்த மகிழ்ச்சியில் பெயரைப் பட்டியலில் எழுத மறந்துபோனேன்.

இந்த நிலத்தைப் பற்றிச் சொல்லாமல் மேற்கொண்டு சொல்ல முடியாது, ஏனென்றால் அன்றைய பிசகில் பாதி நிலத்தின் வேலை.

1851 ஜூலையில் காசல்மெயினுக்கு அருகே ஸ்பெசிமன் கல்லி என்ற இடத்தில் ஆடு மேய்க்கும் பண்ணை ஒன்றின் வேலையாட்கள் வெங்கச்சங்கல்லில் தங்கத்தைக் கண்டார்கள். செப்டம்பரில் செய்தி மெல்பர்ன் நாளிதழில் வந்தது. அதற்குப் பின் ஊரே கிளம்பி வந்தது. டிசம்பர் 15 அன்று, மாதம் 30 ஷில்லிங்காக இருந்த உரிமக் கட்டணத்தை இரட்டிப்பாக்குவதை எதிர்த்து, இன்று சூட்டன் எனப்படும் இடத்தில் ஏறத்தாழ 15,000 பேர் கூடினார்கள் என்றால் கூட்டத்தின் அளவைப் புரிந்துகொள்ளலாம். முதலில் வந்தவர்கள் ஓடைப் படுகையைத் தோண்டினார்கள். ஓரிரு ஆண்டுகளில் மேல்மண் தங்கம் குறைந்ததும், குதிரை பூட்டிய வட்டத் தொட்டிகளில் களிமண்ணைக் கரைத்தார்கள். பின்னர் கார்ன்வாலிலிருந்து வந்த சுரங்கத் தொழிலாளர்கள் வெங்கச்சங்கல் ரேகையைத் துரத்திக்கொண்டு நேர்குத்தாகக் குழி இறக்கினார்கள். சீனர்கள் படுகைகளை மறுபடி பொறுமையாக அலசினார்கள். மண்ணை அலசவும் கல் இடிக்கும் எந்திரங்களை ஓட்டவும் தண்ணீர் வேண்டியிருந்ததால் மலைச்சரிவுகளைச் சுற்றி வாய்க்கால்கள் வெட்டினார்கள். 1870களில் கோலிபன் ஆற்று நீரைக் கொண்டுவரும் பெரிய திட்டமும் வந்தது. 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலையிழந்தவர்கள் இதே ஓடைகளுக்குத் திரும்பி வந்தார்கள்.

ஒவ்வொரு கூட்டமும் தன் கால்தடத்தை விட்டுப் போயிருக்கிறது. வண்டிப்பாதை, குதிரைப்பாதை, விறகுக்காரர் பாதை, குழிக்கும் இடிகல் எந்திரத்துக்கும் இடையே கல் சுமந்த பாதை, இன்றைய மலைச் சைக்கிள்காரர்களின் பாதை என ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. பூர்வகுடிகளான ஜாஜாவுரங் மக்கள் இதைத் தலைகீழாகப் புரட்டப்பட்ட நிலம் என்கிறார்கள். சொல்லுக்குச் சொல் உண்மை: மேலே இருந்த மண் ஓடைக்குப் போயிற்று, கீழே இருந்த பாறை மேடாகக் குவிந்து கிடக்கிறது. 2002இல் இந்தப் பகுதியின் ஒரு பெரும் பரப்பைத் தேசியப் பாரம்பரியப் பூங்காவாக அறிவித்தபோது பாதுகாக்கப்பட்டது காடு மட்டுமல்ல, இந்தக் காயங்களும்தான்.

காடும் துணை செய்வதில்லை. சுரங்க முட்டுக்கும் கொதிகலன் விறகுக்கும் பெருமரங்களை வெட்டித் தீர்த்தார்கள். இன்று நிற்பவை பெரும்பாலும் அந்த அடிமரங்களிலிருந்து துளிர்த்தவை. ஒரே வேரிலிருந்து மூன்று, நான்கு தண்டுகள், எல்லாம் ஏறக்குறைய ஒரே பருமன், ஒரே உயரம். நம் ஊர்த் தைலமரத்தின் இனத்தவைதான், ஆனால் குட்டையும் கோணலுமானவை. எங்கே நின்று பார்த்தாலும் ஒரே காட்சி. நூறடி தள்ளிப் போகிறவர் தண்டுகளுக்கு நடுவே கரைந்துவிடுவார்.

காலை 9.40க்குக் காசல்மெயினை விட்டுக் கிளம்பினோம். புல்லில் உறைபனி இன்னும் வெள்ளையாக இருந்தது. தொடக்கப் பகுதியே பாவர்ட்டி கல்லி வாய்க்காலின் கரைதான். தடமே வாய்க்கால் கரையில் போகிறது; அடையாளக் கம்பங்களும் அங்கேதான் நிற்கின்றன. இது முக்கியம். வாய்க்கால் என்பது சரிவைச் சுற்றிச் சம உயரத்தில் வளைந்து போவது. தண்ணீர் அரிக்காமலும் தேங்காமலும் ஓட வேண்டுமென்று கண்ணுக்கே தெரியாத சாய்வில் வெட்டியிருப்பார்கள். வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கத்தில் கொட்டியதால் ஓர் ஆள் நடக்கும் அகலத்துக்குச் சமதளக் கரை. ஏற்றமில்லை, இறக்கமில்லை, முழங்காலுக்கு வேலையில்லை. “இது ராஜபாட்டை தம்பி” என்றார் பெரியவர். வாய்க்கால் கரைதான் வழி என்று காலை முழுக்க அவர் கால்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் நாங்கள்தாம்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தடம் ஓர் ஓடையைக் கடந்து, சுரங்கக்காரர்கள் வெட்டிய இன்னொரு வாய்க்காலைச் சிறிது தூரம் ஒட்டிப் போனது. பல காலமாகத் தண்ணீர் பாராத வாய்க்கால் அது. ஃப்ரையர்ஸ்டவுனுக்கு வடக்கே ஓரிடத்தில் தடம் அதைவிட்டு விலகி, இடப்பக்கம் முகட்டை நோக்கி ஏறுகிறது. அதுதான் நான் எண்ணிய தடப்பிரிவு.

அவர் எப்படிப் பின்தங்கினார்? 1.55 வாக்கில் சிறுநீர் கழிக்க ஒதுங்கினார். புதர்நடைக்காரர்களிடையே ஒரு வழக்கம் உண்டு: ஒதுங்கும்போது முதுகுப்பையைத் தடத்திலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும். வரிசையின் கடைசியில் வருகிறவர் அந்தப் பையைப் பார்த்து நின்றுவிடுவார். இங்குள்ள நடைக்குழுக்களில் அவரை விப் என்பார்கள், நாங்கள் கடைசி ஆள் என்கிறோம். அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது என்பதுதான் அந்தப் பொறுப்பின் முழு அர்த்தம். பெரியவருக்கு இதை யாரும் சொல்லவில்லை. கூச்சத்தால் ஒருவரிடமும் சொல்லாமல், பையோடு ஒரு மண்மேட்டின் பின்னால் போய்விட்டார். கடைசி ஆள் அந்த மேட்டைக் கடந்து வந்துவிட்டார்.

தடப்பிரிவில் நான் காத்திருந்தேன். வழக்கமும் அதுதான்: ஒவ்வொரு பிரிவிலும் நடத்துபவர் நின்று, கடைசி ஆள் கண்ணில் பட்ட பிறகே நகர்வது. கடைசி ஆள் வந்தார். மகள் தன் இரு பிள்ளைகளோடு முன்வரிசையில் இருந்தார். அப்பா பின்னால் கடைசி ஆளோடு பேசிக்கொண்டு வருவதாக நினைத்திருந்தார். காலையில் அப்படித்தான் வந்தார். கடைசி ஆளோ, பெரியவர் பேரப்பிள்ளைகளோடு முன்னால் போய்விட்டதாக நினைத்திருந்தார். நான் எண்ணினேன். என்னையும் சேர்த்து 16. பட்டியலும் 16.

இந்த இடத்தில் பலமுறை திரும்பத் திரும்ப நின்று யோசித்திருக்கிறேன். எண்ணாமல் போயிருந்தால்கூட மனத்தில் ஓர் உறுத்தல் இருந்திருக்கும். பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்திருப்பேன். எண்ணிக்கை பட்டியலோடு பொருந்தியதால் அந்த உறுத்தலும் போயிற்று. தவறான பட்டியல் பட்டியலே இல்லாததைவிட மோசம் என்பதை அனுபவித்துத் தெரிந்துகொண்டேன்.

2.50க்கு முகட்டில் தண்ணீர் குடிக்க நின்றபோது எட்டு வயதுப் பேரன் கேட்டான்: “தாத்தா எங்கே?” ஒருவரும் பதில் சொல்லவில்லை. மகளின் முகத்தை அப்போது நான் பார்த்தேன். அதைப் பற்றி எழுத வேண்டியதில்லை.

அன்று சூரியன் மறைவது ஐந்தே கால் மணிக்குச் சற்று முன்னோ பின்னோ. குளிர்காலத்தில் பள்ளங்களில் அதற்கு அரைமணி முன்பே இருட்டிவிடும், வெப்பமும் சட்டென்று இறங்கும். அவரிடம் கம்பளிச் சட்டை இருந்தது, மழைச்சட்டை இல்லை. கைப்பேசியில் இந்திய சிம் அட்டை. ரோமிங் செலவுக்குப் பயந்து அணைத்து வைத்திருந்தார். விசில் இல்லை. பட்டியலில் இருந்த 16 பேருக்கும் விசில் கொண்டுவரச் சொல்லிச் செய்தி போயிருந்தது. அவர் பட்டியலில் இல்லை.

மற்றவர்களை முகட்டிலேயே ஒன்றாக உட்காரச் சொன்னோம். ஆளுக்கொரு திசையில் தேடப் புறப்பட நாலைந்து பேர் எழுந்தார்கள். நான் கோபமாகவே தடுத்தேன். திறந்த குழிகள் உள்ள காட்டில் தேடப் போகிறவரும் தேடப்பட வேண்டியவராகிவிடுவார். கடைசி ஆளும் நானும் மட்டும் இறங்கினோம். 3.15க்குத் தடப்பிரிவு. மூன்று முறை விசில் ஊதி, நின்று கேட்டு, மறுபடி மூன்று. ஆஸ்திரேலியக் காட்டில் தொலைவில் இருப்பவரைக் ‘கூயீ’ என்று நீட்டி அழைப்பார்கள்; சிட்னிப் பகுதியின் தருக் மக்களிடமிருந்து வெள்ளையர்கள் கற்றுக்கொண்ட குரல் அது. அதையும் எழுப்பிப் பார்த்தோம். பதில் இல்லை. கூப்பிடு தூரம் என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். அது எவ்வளவு சிறிய தூரம் என்பது அன்றுதான் உறைத்தது.

3.35க்கு நான் முகட்டின் தோளுக்கு ஏறி, சிக்னல் கிடைத்த இடத்தில் அவசர உதவிக்கான 000 எண்ணை அழைத்தேன். இன்னும் கொஞ்சம் தேடிவிட்டு அழைக்கலாம் என்ற ஆசை இருந்தது. வெட்கமும் இருந்தது, மறைக்க விரும்பவில்லை. ஆனால் பகல் வெளிச்சம் ஒன்றரை மணி நேரம்தான் மிச்சம். வயது, உடை, கடைசியாகப் பார்த்த இடம், எங்கள் ஆயத்தொலைவுகள் ஆகியவற்றைக் கொடுத்தேன். எமர்ஜென்சி பிளஸ் செயலி திரையில் இடத்தை எண்களாகக் காட்டுவதால் ஊர் பேர் தெரியாத காட்டிலும் தடுமாறாமல் சொல்ல முடிந்தது. அழைப்பை எடுத்தவர் ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. காவலர்களை அனுப்புவதாகவும் நான் அங்கேயே தொடர்பில் இருக்க வேண்டும் என்றும் சொன்னார்.

கண்டுபிடித்தது கடைசி ஆள்தான். நாங்கள் வந்த வழியே பின்னோக்கிப் போகும்படி அவரிடம் சொல்லியிருந்தேன், ஒதுங்கிய இடத்திலேயே விழுந்திருப்பாரோ என்ற பயத்தில். அவர் அதைச் சீக்கிரமாகப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, தடப்பிரிவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்திருக்கிறார். “அறுபத்தாறு வயது ஆள், சாப்பிட்ட பிறகு, இந்த மேட்டை முதலில் பார்ப்பாரா, இந்தச் சமவழியைப் பார்ப்பாரா என்று யோசித்தேன்” என்றார் பிறகு. அடையாளக் கம்பம் ஏற்றத்தில் ஏழெட்டு அடி உள்ளே, ஒரு வாட்டில் புதருக்குப் பின்னால் இருந்தது. வாய்க்கால் கரையோ கோலம் போட்டதுபோல் கண்முன்னே தெளிவாக நீண்டு கிடந்தது. கடைசி ஆள் வாய்க்காலோடு போனார்.

இரண்டு வளைவு தாண்டி, விழுந்த மரம் ஒன்றில் பெரியவர் உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேலே இருந்த கிளையில் தன் வெள்ளைத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். காலருகே, வந்த வழியைக் காட்டும்படி வெங்கச்சங்கற்களை வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். 4.05 மணி. காவல்துறைக்கு உடனே சொல்லித் தேடுதலை நிறுத்தினோம்.

ஏன் அங்கே நின்றார் என்று கேட்டேன். கரையை ஒட்டிக் கீழே ஒரு பழைய குழியைப் பார்த்திருக்கிறார். சுற்றி அடித்த கம்பிவேலி சாய்ந்து கிடந்திருக்கிறது. “ஒரு ஷாஃப்ட் இருந்தால் ரேகை ஓடும் திசையில் இன்னொன்று இருக்கும் தம்பி. வாயில் இலை மூடிக் கிடந்தால் தெரியாது. விளிம்பு மண் ஆளைத் தாங்காது. அதற்கு மேல் நகரக் கூடாது என்று உட்கார்ந்துவிட்டேன்” என்றார். உள்ளே விளக்கு அணைந்தால் நின்ற இடத்தில் நில், தேடி வருகிறவன் நீ இருந்த இடத்துக்குத்தான் வருவான் என்று, வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் காட்டில் அன்று இருந்த 17 பேரில் அந்த நிலத்தைச் சரியாகப் படித்தவர் அவர் ஒருவர்தான்.

அன்று எழுதிக்கொண்ட குறிப்புகளையும் பிறகு ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டவற்றையும் வைத்துப் பார்த்தால், பெயர் எழுதாததும், பை வழக்கத்தைச் சொல்லாததும், கடைசி ஆள் வந்தாலே எல்லோரும் வந்ததாக நான் எடுத்துக்கொண்டதும் ஒன்றையொன்று தாங்கிப் பிடித்திருக்கின்றன. இவற்றில் ஏதாவது ஒன்று இல்லாமல் இருந்திருந்தாலும் முகட்டுக்கு 17 பேர் போயிருப்போம். மகளையோ கடைசி ஆளையோ இதில் சேர்க்க நான் ஒப்பவில்லை. இருவரும் தங்களையே குற்றம் சொல்லிக்கொண்டார்கள், அது நியாயமில்லை. ஒருவர் இன்னொருவரோடு இருப்பதாக நினைப்பது குழுநடையில் இயல்பு. அந்த இயல்பை நம்பி நடக்காமல் இருப்பது நடத்துபவன் வேலை.

இப்போது பட்டியலைப் புறப்படும் இடத்தில்தான் எழுதுகிறோம், முன்பே வந்த பெயர்களைப் பார்க்காமல் புதிதாக. ஒவ்வொருவருக்கும் ஓர் எண். பிரிவுகளில் நான் எண்ணுவதில்லை, அவரவர் தம் எண்ணை உரக்கச் சொல்கிறார்கள். ஒலிக்காத எண்ணுக்கு உரியவர் யாரென்று அந்த நொடியிலேயே தெரிந்துவிடும். விருந்தாளிகளுக்கென்று என் பையில் ஐந்து விசில்கள். கூச்சப்படும் பெரியவர்களிடம் பை வழக்கத்தைச் சொல்லும் பொறுப்பை அவர்கள் வயதொத்த ஒருவரிடம் விட்டிருக்கிறோம். என்னைப் போன்றவன் சொன்னால் தலையாட்டுவார்களே தவிரச் செய்ய மாட்டார்கள். தங்கவயல் பகுதியில் நடக்கும்போது, வாய்க்காலைவிட்டுத் தடம் விலகும் ஒவ்வோர் இடத்திலும், வாய்க்கால் கரையின் குறுக்கே ஒருவர் உடலால் மறித்து நிற்கிறார், கடைசி ஆள் கடக்கும்வரை.

ஆகஸ்டில் கடைசி ஆளோடு மறுபடி அங்கே போனேன். தடப்பிரிவிலிருந்து துண்டு கட்டிய மரம் வரை சாதாரண நடையில் 13 நிமிடம். பெரியவர் சொன்ன குழி கரையிலிருந்து ஒன்பது தப்படியில் இருந்தது. மேற்கொண்டு போகாமல், வரைபடத்திலும் தொலைநோக்கியிலும் பார்த்தோம். அவர் உட்கார்ந்த இடத்துக்கு அப்பால் அதே நேர்கோட்டில் இரண்டு மண்மேடுகள் தெரிந்தன. குழி இறக்கியவர்கள் வெளியே கொட்டிய மண்.

பிறகு ஒரு சோதனை செய்தோம். கடைசி ஆள் தடப்பிரிவில் நின்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மூன்று விசில் ஊத வேண்டும். நான் வாய்க்கால் கரையோடு நடந்துகொண்டே கேட்க வேண்டும். முதல் வளைவு வரை தெளிவாகக் கேட்டது. வளைவைத் தாண்டியதும் மலையின் முழங்கை குறுக்கே வந்தது. ஒலி ஊசிமுனையளவுக்கு மெலிந்தது. இரண்டாவது வளைவுக்குப் பின் ஒன்றும் கேட்கவில்லை. விழுந்த மரத்தில் உட்கார்ந்து, கடிகாரத்தைப் பார்த்தபடி, அடுத்த விசில் ஒலிக்க வேண்டிய நிமிடத்துக்காகக் காத்திருந்தேன். நிமிடம் வந்து போயிற்று. கீழே ஓடையில் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் இருந்தது.